இரண்டு கையிலும் இஸ்திரிப் பெட்டி

கிளீவ்லாந்து,
4.7.1978

அன்புள்ள பாவாவுக்கு மைத்துனன் மணவாளனின் வணக்கம்.

நானும் மனோரமாவும் குழந்தையும் சௌக்கியம். அக்காவின் முதுகு வலி குறைந்ததா? நைனா அம்மையார்குப்பத்தில் இன்னும் தறியில்தான் உட்காருகிறாரா, இல்லை நான் கெஞ்சியதற்கு மரியாதை கொடுத்து நிறுத்தினாரா?

நல்ல செய்தி. நம் கல்லூரியின் பழைய மாணவர் சங்கம் இந்த வருடம் விருந்து, பாட்டுக் கச்சேரியோடு நிற்காமல் ஊருக்கு ஏதாவது செய்வது என்று முடிவெடுத்திருக்கிறது. இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் பழைய இன்குபேட்டர்களைக் கழித்துக் கட்டுகிறார்கள். குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளைச் சூட்டில் வைத்துக் காப்பாற்றும் கண்ணாடிப் பெட்டி. ஐந்தைக் கேட்டு வாங்கிவிட்டோம். சனிக்கிழமைகளில் ஒன்றுகூடி நாங்களே பழுது பார்த்தோம். முதல் பெட்டி திருத்தணிக்கு, உங்கள் ஊர்க் கமிட்டி நடத்தும் பிரசவ ஆஸ்பத்திரிக்கு. அது நன்றாக ஓடினால் மற்ற நான்கும் பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை பக்கம் வரும். நான் அடம் பிடித்து வாங்கியது. மானத்தைக் காப்பாற்றுங்கள்.

ஒரு விஷயம். இது 110 வோல்ட் கருவி, நம் ஊர் மின்சாரமோ 230. டிரான்ஸ்பார்மர் தனிப் பெட்டியில் வருகிறது. அது இல்லாமல் சுவரில் செருகவே கூடாது. விடுதி அறையில் எனக்கு மின்சாரப் பாடம் சொல்லிக் கொடுத்த சீனியருக்கே இதை எழுதுகிறேன் என்று சிரிக்காதீர்கள். ஆஸ்பத்திரியில் மற்றவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

அக்காவுக்கு என் அன்பு.

உங்கள்
மணவாளன்


திருத்தணி,
2.9.1978

அன்புள்ள தம்பி மணவாளனுக்கு, பாவா பரந்தாமன் எழுதிக்கொண்டது.

தணிகைமலையான் புண்ணியத்தில் எல்லோரும் நலம். ஜெயம்மாளின் முதுகு வலி, நான் அடுப்படியில் உதவி செய்கிற நாட்களில் மட்டும் இருப்பதில்லை. உன் நைனா தறியை விடவில்லை. உன் கடிதத்தைப் படித்துக் காட்டினால், "அங்க குந்திகினு எனுக்கு புத்தி சொல்றானா?" என்கிறார்.

கண்ணாடிப் பெட்டி வந்துவிட்டது. டாக்டர் ஞானம்மாள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். போன மாதம் மட்டும் இரண்டு குறைமாதக் குழந்தைகளை வெந்நீர்ப் புட்டிகள் வைத்துச் சென்னைக்கு அனுப்பினார்களாம். ஒன்று போய்ச் சேரவில்லை. டிரான்ஸ்பார்மர் மட்டும் துறைமுகத்தில் நிற்கிறது. ஏதோ ஒரு காகிதம் குறைகிறதாம். மூன்று முறை போய்வந்தேன்.

உங்கள் சங்க மலரும் வந்தது. பதினாறு பக்கம். வீடு வாங்கியவர், வேலை உயர்ந்தவர், பையனுக்குப் பரிசு கிடைத்தவர், எல்லோருக்கும் பெயர், படித்து முடித்த வருடம், இரண்டு வரி. புயலில் சாய்ந்த நாற்பது மின்கம்பங்களை ஒரே வாரத்தில் நிமிர்த்திய திருத்தணி மின்வாரிய எஞ்சினியர் எந்தப் பக்கத்தில் இருக்கிறார் என்று தேடினேன். கடல் தாண்டினால்தான் பழைய மாணவன் போலிருக்கிறது. கோபமில்லை, விளையாட்டுக்குச் சொன்னேன்.

திறப்பு விழாவை ஆயுத பூஜை அன்று வைக்கவேண்டும் என்று மாமா, அதுதான் உன் நைனா, பிடிவாதமாக இருக்கிறார். புதுத் தறி பூட்டினால் நல்ல நேரத்தில் நாலு இழையாவது ஓட்டிவிடுவது உங்கள் வீட்டு வழக்கம். இதையும் அப்படி ஒரு முறை ஓட்டிவிட வேண்டுமாம். கமிட்டியாரும் தலையாட்டிவிட்டார்கள். டிரான்ஸ்பார்மர் வராவிட்டாலும் கவலை இல்லை. ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி ஒன்றை நடுவில் தொடராக இணைத்தால் பாதி வோல்ட்டை அது தின்றுவிடும். ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டிவிட்டு அணைத்துவிடுவேன்.

மனோரமாவுக்கும் குழந்தைக்கும் ஆசி.

பரந்தாமன்


கிளீவ்லாந்து,
19.9.1978

அன்புள்ள பாவாவுக்கு வணக்கம்.

இங்கு மூவரும் நலம். அங்கும் அப்படியே என்று நம்புகிறேன்.

உங்கள் கணக்குச் சரிதான், நானும் போட்டுப் பார்த்தேன். ஐந்து நிமிடத்துக்குத் தாங்கும். காகிதத்தைத் துறைமுகத்துக்கு நேரே அனுப்பியிருக்கிறேன்.

மலர் நவம்பரில் அச்சுக்குப் போகிறது. விழாப் படம் கட்டாயம் வேண்டும். பெட்டிக்குள் விளக்கு பளிச்சென்று எரிவது தெரியவேண்டும். அந்த இஸ்திரிப் பெட்டி மட்டும் படத்தில் வேண்டாம் பாவா. பெட்டிகளைக் கொடுத்த ஆஸ்பத்திரிக்காரர்களுக்கும் மலர் போகிறது. நம் ஊரில் இப்படித்தான் ஒட்டுப் போட்டு ஓட்டுவார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. நீங்களும் படத்தில் நில்லுங்கள். இந்த முறை உங்கள் பெயரும் வருடமும் வரும். என் பொறுப்பு.

மணவாளன்


திருத்தணி,
16.10.1978

அன்புள்ள மணவாளனுக்கு,

இங்கு எல்லோரும் நலம். நீங்கள் நலமா?

ஒரு வருத்தமான செய்தி. ஆயுத பூஜை அன்று பெட்டியை ஓட்டினோம். முதலில் நன்றாக ஓடியது. பிறகு கூட்ட நெரிசலில் இஸ்திரிப் பெட்டி கழற்றப்பட்டு, நேரடியாக 230 வோல்ட் போய்விட்டது. விளக்கு வெடித்தது. ஹீட்டர் சுருளும் தெர்மோஸ்டாட்டும் கருகிவிட்டன. யாருக்கும் காயம் இல்லை.

ஆஸ்பத்திரி வேலையாள் தேசப்பன் கையில் இஸ்திரிப் பெட்டி இருந்தது. விவரம் தெரியாமல் கழற்றிவிட்டான் என்று கமிட்டி முடிவு செய்து மறுநாளே அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டது. பன்னிரண்டு வருடமாக அங்கே இருந்தவன்.

படம் விழவில்லை. பிலிம் கெட்டுவிட்டது.

பரந்தாமன்

தம்பி, ஓரத்தில் அக்கா எழுதுகிறேன். உன் பாவா நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அன்றிலிருந்து நீ அனுப்பிய வாட்சையும் கட்டுவதில்லை, கழற்றிப் பீரோவில் வைத்துவிட்டார். ஓடவில்லையா என்று கேட்டேன். ஓடுகிறது என்றார். உடம்பைப் பார்த்துக்கொள். ஜெயம்மாள்.


கிளீவ்லாந்து,
3.11.1978

பாவாவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். ஐந்து சனிக்கிழமை நாங்கள் முட்டி போட்டு உட்கார்ந்து சரிசெய்த கருவி, ஒரு நிமிடத்தில் சாம்பல். சங்கக் கூட்டத்தில் தலை குனிந்து நின்றேன். "நான் அப்பவே சொன்னேன், படிக்காதவர்கள் கையில் கொடுத்தால் இப்படித்தான் ஆகும்" என்று ஒருவர் எழுந்து சொன்னார். நான் மறுக்கவில்லை. மறுக்க என்னிடம் என்ன இருந்தது? மற்ற நான்கு பெட்டிகளையும் நிறுத்தி வைத்துவிட்டார்கள். மலரிலும் அதையே போட்டாயிற்று. உள்ளூர் வேலையாளின் அஜாக்கிரதை என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

அந்த ஆளை நீக்கியது சரியான காரியம். பரிதாபப்பட்டுத் திரும்ப எடுத்துவிடாதீர்கள்.

சங்கத்துக்கு ஓர் அறிக்கை வேண்டும். என்ன நடந்தது என்று எஞ்சினியர் என்ற முறையில் நீங்கள் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

மணவாளன்


அம்மையார்குப்பம்,
20.11.1978

சிரஞ்சீவி மணவாளனுக்கு நைனா ஆறுமுகம் ஆசீர்வாதம் செய்து எழுதியது.

நான் கெட்டியாக இருக்கிறேன். நீ என் தறியைப் பற்றிக் கவலைப்படாமல் உன் வேலையைப் பார். பேரப்பிள்ளைக்குத் தமிழ் வருகிறதா, இல்லை இங்கிலீஷிலேயே அழுகிறதா?

இதோடு ஒரு போட்டோ வைத்திருக்கிறேன். மாப்பிள்ளை படம் விழவில்லை என்று சொல்லிவிட்டார். நான் சும்மா இருப்பேனா? சந்தைக்குப் போனவன் கோதண்டம் ஸ்டூடியோவில் நுழைந்து கேட்டேன். "நல்லா வுழுந்துகீதே, சார்தான் வாணாம்னு சொல்ட்டாரு" என்றான். மூன்று காப்பி போடச் சொல்லி ஒன்றை என் தறிக்குமேல் மாட்டியிருக்கிறேன். என்ன வெளிச்சம் பார்! முதலில் மினுக் மினுக் என்றுதான் எரிந்தது. "என்னா மாப்ளே, என் புள்ள அனுப்ன லைட்டு இவ்ளோதானா? குண்டு பல்பு கூட இத்தோட நல்லா எரியுதே" என்று நான்தான் கேட்டேன். அப்புறம் சூரியன் மாதிரி எரிந்தது. கெட்டுப்போனது வேறு விஷயம். எரிந்தது எரிந்ததுதானே.

தேசப்பன் இப்போது நம் பக்கம் தறிக்காரர்களுக்கு நூல் மூட்டை தூக்குகிறான். ஐம்பது வயதுக்குமேல் அது முடிகிற வேலையா? எதிரில் பார்த்தால் நின்று கும்பிடுகிறான். கேட்டால் ஒன்றும் சொல்வதில்லை. அவன் போறாத காலம்.

அந்தப் பெட்டியை எப்படியாவது சரிசெய்து கொடு. உனக்குப் புண்ணியம்.

ஆறுமுகம்


கிளீவ்லாந்து,
10.12.1978

அன்புள்ள பாவாவுக்கு,

உங்களுக்கும் அக்காவுக்கும் உடம்பு நன்றாக இருக்கவேண்டும். நான் ஒரு வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை.

நைனா போட்டோவை அனுப்பிவிட்டார். உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன்.

ஆபீசில் வரைபடம் பார்க்கும் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். கமிட்டியார், டாக்டர் அம்மாள், நைனா, எல்லோரும் கேமராவைப் பார்க்கிறார்கள். சுவிட்ச் அவர்களுக்குப் பின்னால் சுவரில் இருக்கிறது. அதனால் அதை யாரும் பார்த்திருக்க முடியாது. இடது ஓரத்தில், சட்டத்துக்குள் பாதி விழுந்து, ஒருவர் நிற்கிறார். காக்கிச் சட்டை. அவர்தானே தேசப்பன்? குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் இஸ்திரிப் பெட்டியை ஏந்திக்கொண்டிருக்கிறார்.

விளக்கு அந்த நொடியில் எரிகிறது. கண் கூசும் அளவுக்கு எரிகிறது. அப்படியென்றால் நேரே 230 வோல்ட் போகிறது என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். இரண்டு கையிலும் இஸ்திரிப் பெட்டி வைத்திருந்தவர் எந்தக் கையால் சுவிட்சைப் போட்டார் பாவா?

சுவிட்சில் ஒரு கை இருக்கிறது. டாக்டர் அம்மாளின் தோளுக்குப் பின்னால் முகம் மறைந்துவிட்டது. மணிக்கட்டு மட்டும் தெரிகிறது. அதில் இருக்கும் வாட்சை நான் இங்கே கடையில் முக்கால் மணி நேரம் நின்று தேர்ந்தெடுத்தேன்.

எனக்குக் கோபம் வந்தது. பிறகு, நான் செப்டம்பரில் உங்களுக்கு என்ன எழுதினேன் என்று நினைத்துப் பார்த்தேன். இஸ்திரிப் பெட்டி படத்தில் வேண்டாம், விளக்கு பளிச்சென்று தெரியவேண்டும். அந்தக் கடிதத்தைக் கிழித்திருந்தால் நல்லது. கிழிக்காவிட்டாலும் நான் எழுதியது எழுதியதுதான்.

படத்தை யாருக்கும் காட்டவில்லை. உங்கள் அறிக்கை இன்னும் வரவில்லை. பொய்யாக ஒன்று எழுதி அனுப்பாமல் இருக்கிறீர்களே, அந்த அளவுக்கு எனக்கு ஆறுதல். சங்கம் மார்ச் முடிவில் மறுபடி கூடுகிறது. அதற்குமேல் அந்த நான்கு பெட்டிகளை வைத்திருக்க இடமில்லை என்கிறார்கள். எனக்குப் பதில் எழுதுங்கள்.

மணவாளன்


திருத்தணி,
18.1.1979

அன்புள்ள தம்பி மணவாளனுக்கு அக்கா ஜெயம்மாள் எழுதுவது.

பொங்கல் நல்லபடியாக முடிந்தது. நீங்கள் அங்கே பனியில் என்ன பொங்கல் வைத்தீர்கள்? மனோரமாவுக்கு இருமல் நின்றதா?

உன் பாவாவுக்கு நீ என்ன எழுதினாய்? கடிதம் வந்து இருபது நாளுக்குமேல் ஆகிறது. அதை ஆபீஸ் பைலுக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு, தினமும் ஒரு தரம் எடுத்துப் பார்க்கிறார். பதில் எழுத உட்காருகிறார். தேதி போடுகிறார். எழுந்துவிடுகிறார். தேதி மட்டும் போட்ட ஏழெட்டுக் காகிதம் அலமாரியில் கிடக்கிறது. நான் உன் கடிதத்தைப் பிரித்துப் பார்க்கவில்லை. பயமாக இருக்கிறது.

போகிக்கு முதல் நாள் ஆஸ்பத்திரியில் ஏழு மாதக் குழந்தை ஒன்று பிறந்தது. பூவம்மாள் என்று ஆர்.கே.பேட்டைக்காரப் பெண்ணுக்கு. டாக்டர் அம்மாள் வாடகைக் காரில் வெந்நீர்ப் புட்டியோடு தானே கூட உட்கார்ந்து சென்னைக்குக் கொண்டுபோனார். பிழைத்துவிட்டது, கும்பிட்டுக்கொள். திரும்பி வந்தவர் நேராக நம் வீட்டுக்கு வந்தார். "டிரான்ஸ்பார்மர் வந்து மூணு வாரம் ஆவுது. பொட்டிய ரிப்பேர் பண்ண முடியுமா முடியாதா, அதச் சொல்லுங்க சார்" என்றார். இவர் பார்க்கிறேன் என்றார். அப்புறம் அவர், "தேசப்பன் இருந்திருந்தா வெந்நீருக்கு நான் ஓட வேண்டியிருக்காது" என்றார். உன் பாவா எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டார். அந்த அம்மாள் தனியாகக் காப்பி குடித்துவிட்டுப் போனார்.

நான் கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த மனிதர் எதற்கும் எழுந்து போனதில்லை. கம்பத்திலிருந்து ஆள் விழுந்து செத்தபோதுகூட ஊரார் எதிரில் நின்று பதில் சொன்னவர். இவர் மேல் தப்பு இருந்தால் அதை நீ எனக்கு எழுதாதே. அவர் வாயால் நான் கேட்கவேண்டும்.

உன் அக்கா
ஜெயம்மாள்


கிளீவ்லாந்து,
2.2.1979

அன்புள்ள பாவாவுக்கு வணக்கம். இங்கு நலம். அக்கா கடிதம் வந்தது.

நீங்கள் இப்படி வதைபடுவதைப் பார்க்க எனக்குச் சக்தியில்லை. ஒரு வழி யோசித்தேன். மலரின் அடுத்த இதழில், "விபத்துக்கு உள்ளூர் வேலையாள் காரணம் அல்ல, மின் இணைப்பில் ஏற்பட்ட கோளாறு" என்று ஒரு வரி போட்டுவிடுகிறேன். யார் பெயரும் வேண்டாம். அந்தப் பக்கத்தைக் கமிட்டியிடம் காட்டினால் தேசப்பனைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். மற்ற நான்கு பெட்டிகளுக்கும் நான் வாதாடிப் பார்க்கிறேன். போட்டோவை எரித்துவிடுகிறேன். நைனா தறிக்குமேல் மாட்டியிருப்பதை நீங்கள் எப்படியாவது எடுத்துவிடுங்கள்.

சரி என்று ஒரு வரி எழுதினால் போதும்.

மணவாளன்


திருத்தணி,
4.3.1979

அன்புள்ள தம்பி மணவாளனுக்கு, பாவா எழுதுவது.

இங்கே எல்லோரும் உயிரோடும் உடம்போடும் இருக்கிறோம். அதற்குமேல் சொல்ல இப்போதுதான் எனக்கு வாய் வந்திருக்கிறது.

நீ சொன்ன ஒரு வரி வந்ததும், நிஜத்தைச் சொல்கிறேன், எனக்கு அப்பாடா என்றிருந்தது. சரி என்று எழுதி ஒட்டியும்விட்டேன். தபாலில் போடப் போகும் வழியில் நூல் மூட்டை ஏற்றிய வண்டி நின்றது. பக்கத்தில் தேசப்பன். என்னைப் பார்த்ததும் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுக் கும்பிட்டான். "பெட்டி ரிப்பேர் ஆய்டுச்சா சார்?" என்று கேட்டான். வேலையைப் பற்றிக் கேட்கவில்லை. என்னைக் குத்திக் காட்டவும் இல்லை. அவனை அங்கேயே நிறுத்திவிட்டுக் கமிட்டித் தலைவர் வீட்டுக்குப் போனேன்.

அன்று நடந்ததை உனக்கும் எழுதிவிடுகிறேன். விளக்கு மங்கலாக எரிந்தது. மாமா இவ்வளவுதானா என்று கேட்டார். எனக்கும் உறுத்தியது. மலரில் வரப்போகிற படம், என் பெயரும் வருடமும் வரப்போகிற படம். எல்லோரும் படத்துக்கு வரிசை கட்டிக்கொண்டிருந்தபோது, அணைத்துவிட்டு இஸ்திரிப் பெட்டியைக் கழற்றினேன். "இத கொஞ்சம் புடிச்சிகினு அப்பால தள்ளி நில்லு" என்று தேசப்பன் கையில் கொடுத்தேன். நேரே செருகினேன். ஒரே ஒரு நொடி போட்டு அணைத்துவிடலாம், தாங்கும் என்று நினைத்தேன். கோதண்டம் ரெடி என்றான். போட்டேன். என் முகம் விழவேண்டும் என்று எட்டிப் பார்த்ததில் அணைக்கப் பிந்திவிட்டது. கடைசியில் விழுந்தது என் மணிக்கட்டு மட்டும்.

புகை அடங்கியதும், யார் கழற்றியது என்று தலைவர் கத்தினார். எல்லோரும் இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தார்கள். தேசப்பன், "நான் இல்லீங்க" என்று ஒரு தடவை சொன்னான். "அப்ப உன் கையில எப்புடி வந்துச்சு?" என்றார்கள். அவன் என்னைப் பார்த்தான். நான் கருகிய வயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு நிமிடத்தை ஐந்து மாதமாகத் தின்றுகொண்டிருக்கிறேன்.

அன்று மாலையே கமிட்டியைக் கூட்டச் செய்து எல்லாம் சொன்னேன். ஜெயம்மாளையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன், அவளும் கேட்கட்டும் என்று. தேசப்பனையும் வரவழைத்தார்கள். "இத நீ ஏன்யா சொல்லல?" என்று தலைவர் கேட்டார். "சொன்னேனுங்களே. அப்பால, சாரு படிச்சவரு, அவரே சொல்லுவாருன்னு பாத்துகினு இருந்தேன்" என்றான். மறுநாளே வேலைக்குத் திரும்பிவிட்டான். நின்ற மாதங்களின் சம்பளத்தை நான் கொடுக்கிறேன் என்றதற்கு, "கமிட்டி குடுத்தா வாங்கிக்கறேன், நீங்க குடுத்தா வாணாம்" என்றான்.

ஹீட்டர் சுருளை நானே உட்கார்ந்து சுற்றினேன். தெர்மோஸ்டாட்டுக்குச் சென்னையில் அலைந்தேன். டிரான்ஸ்பார்மர் போட்டு, டாக்டர் அம்மாள் மூன்று நாள் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தபிறகுதான் சரி என்றார். நல்ல நேரம் பார்க்கவில்லை. மாமா மட்டும் வந்து ஓரமாக நின்றார். அந்தப் போட்டோவைத் தறிக்குமேலிருந்து அவரே எடுத்துவிட்டார். தேசப்பனைச் சுவிட்சைப் போடச் சொன்னேன். அவன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான். "நீங்களே போடுங்க சார். இந்த வாட்டி நான் பாத்துகினு இருக்கேன்" என்றான். போட்டேன். எரிகிறது. இன்னும் குழந்தை எதையும் வைக்கவில்லை. வைக்க அவசியமே வராவிட்டால் நல்லது.

நீ கேட்ட அறிக்கை இதுதான். போட்டோவை எரிக்காதே. சங்கத்தில் எல்லோருக்கும் காட்டு. மின் இணைப்பில் கோளாறு என்று போடாதே, இணைப்பில் ஒரு கோளாறும் இல்லை. அந்த நான்கு பெட்டிகளையும் நிறுத்துவதானால், படிக்காதவர்கள் கையில் போகும் என்று சொல்லி நிறுத்தக் கூடாது.

மலரில் என் பெயர் ஒரு முறை வரவேண்டும் என்று ஆசைப்பட்டேன். இப்போது போடு. மற்றவர்களுக்குப் போடுவதுபோலவே, பெயர், வருடம், இரண்டு வரி. நானே எழுதியிருக்கிறேன். ஓர் எழுத்தும் மாற்றாதே.

ஜெயம்மாள் உன்னை விசாரித்தாள். வாட்சை மறுபடி கட்டியிருக்கிறேன்.

பரந்தாமன்

பரந்தாமன் (1962), திருத்தணி. சங்கம் அனுப்பிய இன்குபேட்டரை, 110 வோல்ட் என்று தெரிந்தே, படம் நன்றாக விழுவதற்காக 230 வோல்ட்டில் போட்டு எரித்தார். பழி சுமந்தவர் ஆஸ்பத்திரி ஊழியர் தேசப்பன்.